பதினாலாயிரம் கிலோமீட்டர்

"போஸ்டர் ஒட்டாண்டாம். சபை குரூப்புல போட்டோ போடாண்டாம். ஸ்டேட்டஸும் வைக்காண்டாம். என்ன ஓய் கூத்து இது?"

தாணுலிங்கம் சார் குரலைத் தாழ்த்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரர். ரிட்டயர்டு வாத்தியார். பொய் சொன்ன பையன்களை முப்பது வருஷம் முட்டங்கால் போட வைத்தவர்.

ஜெபசீலன் கையெடுத்துக் கும்பிட்டார். "மெதுவா சாரே."

முன்னறையில், ஃப்ரீசர் பெட்டிக்குள் அவர் மனைவி லீலாபாய். நேற்று விடியற்காலம் போனவள். ஊருக்கே தெரியும். மகன் எட்சனுக்கு மட்டும் தெரியாது. 'அம்மைக்கு சீரியஸ், உடனே வா' என்று சொல்லி டொரண்டோவிலிருந்து அவனைக் கிளப்பியிருந்தார்.

"பெத்த மகனையே ஏமாத்துகீரு. பாவமில்லியா?"

"பதினாலாயிரம் கிலோமீட்டர் சாரே. தோஹாவுக்கே பன்னிரண்டு மணி நேரம். அங்க மூணு மணி நேரம் இருப்பு. பிறவு திருவனந்தபுரத்துக்கு நாலரை. அவன் நெஞ்சுல ஸ்டென்ட் வச்சு எட்டு மாசந்தான் ஆச்சு. நடுவானத்துல ஏதாச்சும் ஆனா யாரு பிடிப்பா?"

ஃப்ரீசர் பெட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"ஒருத்தி போயாச்சு. இவனாவது உயிரோட வந்து இறங்கட்டு."

போன் அடித்தது. எட்சன். தோஹா வந்துவிட்டான்.

வீட்டுக்குள் பெண்கள் அழுகிற சத்தம் போனில் கேட்டுவிடுமே என்று ஜெபசீலன் முற்றத்தைத் தாண்டி ஓடினார். சாரும் பின்னாலேயே போனார். காது மந்தம் என்பதால் ஜெபசீலன் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"அம்மைக்கு எப்பிடி இருக்குப்பா?"

"ஆஸ்பத்திரியிலதான் மக்கா... உறங்குகா."

"நல்லா உறங்கட்டு. எழுப்பாண்டாம். நீங்க ஒரு சாயா குடியுங்க."

சாருக்குப் பொறுக்கவில்லை. எட்சன் அவரிடம் படித்தவன். நம்பர் இருந்தது. மாமரத்தடிக்கு ஒதுங்கி மெசேஜ் அடித்தார்.

'எட்சன், உன் அம்மை நேற்றே போயிட்டா. மறைக்கது தப்பு. அதான் சொல்லுகேன்.'

இரண்டு நீல டிக்.

பதில் இல்லை. ஒரு நிமிஷம். மூன்று. ஐந்து.

கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். எடுக்கவில்லை.

சாருக்கு வியர்த்தது. எட்டு மாசம். ஸ்டென்ட். முன்பின் தெரியாத ஏர்போர்ட் தரையில் பையன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறானோ? நான் கொன்னுட்டேனா?

போன் துடித்தது.

'எனக்கு நேத்தே தெரியும் சாரே. அப்பா போன் எடுத்தா ரெண்டு வார்த்தைதான். "அம்மைட்ட குடுக்கேன்"னு மாத்திருவாரு. நேத்து பத்து நிமிஷம் அவரே பேசினாரு. அப்பமே விளங்கிட்டு. இப்ப பேசினா அழுதிருவேன், அதான் எடுக்கல்ல. அவருட்ட சொல்லிராதிங்க. என்னைக் காப்பாத்துகேன்னு நினைச்சுதான் அவரு எழும்பி நிக்காரு. நான் வந்து பிடிக்க வரைக்கும் நிக்கட்டு.'

முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம். ஜெபசீலன். முகம் வெளுத்திருந்தது.

"யாரு சாரே? அவனா? யாராவது சொல்லிட்டாவளா?"

தாணுலிங்கம் சார் போனைச் சட்டைப் பையில் போட்டார்.

"பேங்க் மெசேஜு ஓய். அவனுக்கு ஒண்ணும் தெரியாது."