முளையைப் பிடுங்கிய அலை

அக்டோபர் மாலை வெயில், படகுகளை மேல்மட்ட ஆற்றுக்கு ஏற்றிவிடும் மதகுத் தொட்டியின் பாசிச் சுவரில் பாதிவரைதான் இறங்குகிறது. அடியில், தன் ஒடுங்கிய படகின் சுக்கானைப் பிடித்தபடி தனியாக நிற்கிறாள் மோரீன். தண்ணீர் நிரம்ப நிரம்பப் படகு மேலேறுகிறது. அவளுக்காக மதகைத் திருகித் தண்ணீர் விட்டவரின் சேற்றுக் காலணிகள் முதலில் தெரிகின்றன, பிறகு ஈரத்துணி சுற்றிய வலது கை, கடைசியில் முகம். பின்னால், வளைவுக்கு அப்பால் கட்டிக்கிடந்த பச்சைப் படகுக்காரர், டெரிக்; கரையோரப் பாதையில் விறுவிறுவென்று நடந்தே வந்திருக்கிறார்.

“எவனோ வேகமா போயிருக்கான்மா. அலையில, படகைக் கட்டக் கரையில அடிச்சிருந்த முளையே பிடுங்கிக்கிச்சு. கொதிச்ச சூப்பு அப்படியே கையில. நான் வெளிய வர்றதுக்குள்ள ஆளைக் காணோம். முன்னாடி போச்சே வாடகைப் படகு, அந்தப் பசங்கதான். மேல் மதகுல பிடிச்சு நாலு வார்த்தை கேக்காம விடமாட்டேன்.”

கட்டிக்கிடக்கும் படகைக் கண்டால் எஞ்சினைத் தணிக்க வேண்டும் என்பது இந்த ஆற்றில் குழந்தைக்கும் தெரியும். சற்றுமுன் அந்த வளைவில், இருட்டுமுன் மதகைத் தாண்டும் அவசரத்தில் மோரீன் தணிக்கவில்லை. பச்சைப் படகின் மூக்கு கரையை விட்டு விலகியதைத் திரும்பிப் பார்க்கவும் செய்தாள். இப்போது வாயைத் திறக்கிறாள். “கை ரொம்ப எரியுதா?” என்றுதான் வருகிறது.

“எரியட்டும். நீங்க கிளம்புங்க, பொழுது போகுது.” மதகுக் கதவின் நீண்ட மரக்கையில் முதுகைக் கொடுத்துத் தள்ளித் திறக்கிறார் டெரிக். பழுத்த இலைகள் மிதக்கும் ஆற்றுக்குள் படகு நுழைகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் இரு கரையிலும் ஒரு படகுகூடக் கட்டியிருக்கவில்லை. மோரீன் எஞ்சினை முனகலாகத் தணித்து ஊர்ந்துபோகிறாள். பின்னாலிருந்து டெரிக்கின் குரல் வருகிறது: “ஓட்டுனா இப்படி ஓட்டணும்.”