மனுவில் ஏறாத வரி

நீதிமன்ற வராந்தாவின் கோடியில், தட்டச்சுக்கார அம்மாளின் மேசைக்கு எதிரே ஒரே ஒரு பெஞ்சுதான் கிடக்கிறது. அதன் ஒரு முனையில் வாதி, மறு முனையில் பிரதிவாதி. வழக்குப் போட்டதால் தம்பி வாதி. அதற்குப் பதில் சொல்லியாக வேண்டியதால் அக்கா பிரதிவாதி. அப்பா விட்டுப்போன வீட்டில் கீழ்த்தளம் யாருக்கு என்பதில் ஆறு வருஷமாக வக்கீல்கள் வாய்வழியாகத்தான் பேச்சு. இன்று சமரச மனு தயாராகிறது. இருவருக்கும் நடுவே காலை வெயில், ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்கு விழுந்திருக்கிறது. "பிரதிவாதிக்குக் கீழ்வீடு, வாதிக்கு மாடின்னு போடுங்கம்மா" என்கிறார் தம்பி, மேசையைப் பார்த்து. விசைகள் படபடக்கின்றன. "வாதிக்கு முழங்கால் வலியாம். அவரே கீழ இருக்கட்டும், பிரதிவாதி மாடிக்குப் போயிடறாங்கன்னு போடுங்க" என்கிறார் அக்கா, கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே. தம்பி முழங்காலைத் தடவிக்கொண்டிருந்த கையைச் சட்டென்று எடுக்கிறார். தட்டச்சுக்கார அம்மாள் தாளை உருவிவிட்டுப் புதிதாக ஒன்றைச் செருகுகிறார். "மறுபடி முதல்லேர்ந்து அடிக்கணும். இன்னும் ஏதாவது இருந்தா இப்பவே சொல்லித் தொலைங்க." அக்கா தொண்டையைச் செருமுகிறார். "வாதி காலையில மாத்திரை போட்டாரான்னு கேளுங்க." "அதெல்லாம் மனுவுல ஏறாதும்மா." விசைகளின் மேல் விரல்கள் அப்படியே நிற்கின்றன. தம்பி மெல்ல நகர்ந்து, வெயில் விழுந்த இடத்தில் உட்கார்கிறார். "இல்லக்கா" என்கிறார்.