அந்திமந்தாரையின் பேரப்பிள்ளைகள்

இன்னும் ஒரு மொட்டுகூட விரியவில்லை. அதற்குள் அண்ணனுக்கு வாயெல்லாம் பல்.

"கொஞ்சம் பொறுங்க சார். தோட்டம் முழுக்க ஒரே நிறம், மாறவே மாறாது" என்று ஹோட்டல் முதலாளியிடம் அளந்துகொண்டிருந்தான்.

நான் வேலிக்கு வெளியே நின்றேன். அப்பா போன பிறகு அந்த நர்சரியில் எனக்குக் கால் வைக்கக்கூட இடமில்லை. சொத்து ஆண்பிள்ளைக்குத்தான் என்றான் அண்ணன். அதே வாயால் என் பூவையும் தன்னுடையது என்றான். விதை ஏது என்று கேட்டவர்களிடம் அப்பா கொடுத்தது என்று கூசாமல் சொன்னான்.

பூ என்னவோ அந்திமந்தாரைதான். நிறம்தான் புதிது. கைக்குழந்தையின் உள்ளங்கால் நிறம்.

எத்தனையோ சிவப்புச் செடிகளின் மகரந்தத்தைத் தூரிகையில் தொட்டு, எத்தனையோ வெள்ளைப் பூக்களில் தடவிப் பார்த்து, கடைசியில் ஒரு ஜோடியில் எனக்கு வாய்த்த நிறம் அது. பூவுக்கு மை தீட்டுகிறாள் என்று அப்போதெல்லாம் அண்ணன் கேலி செய்வான்.

இன்றைக்கு எல்லாம் ஒன்றாகப் பூக்க வேண்டுமாம். அதற்காக, நிறம் ஏறுவதற்கு முன்பே முதல் மொட்டுகளையெல்லாம் கிள்ளி எறியச் சொல்லிவிட்டான். ஆகவே இந்தத் தோட்டத்தில் ஒரு பூவைக்கூட அவன் இதுவரை பார்த்ததில்லை.

வெயில் தாழ்ந்தது.

முதல் பூ விரிந்தது. என் நிறம். அண்ணி கைதட்டினாள்.

அடுத்தது ரத்தச் சிவப்பு.

அதற்கடுத்தது சுண்ணாம்பு வெள்ளை.

பிறகு வரிசை வரிசையாக மூன்றும் கலந்து விரிந்தன. அண்ணனின் பற்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. எனக்கு வயிறு குளிர்ந்தது. பொய் சொல்வானேன், இதைப் பார்க்கத்தான் வந்திருந்தேன்.

அந்தச் சிவப்புக்கும் வெள்ளைக்கும் பிறந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே நிறமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பிள்ளைகள் காய்த்து உதிர்க்கும் விதையை விதைத்தால், ஒளிந்திருந்த தாத்தாவும் பாட்டியும் பேரப்பிள்ளைகளில் எட்டிப் பார்ப்பார்கள். நாலில் ஒரு பங்கு சிவப்பு, ஒரு பங்கு வெள்ளை, மீதிப் பாதிதான் என் நிறம். அதனால்தான் ஒவ்வொரு முறையும் பழைய ஜோடியிடமே போய்த் தூரிகையோடு நிற்பேன். ஆண் வழிக்கு மட்டும் என்கிற கணக்கெல்லாம் பூவிடம் செல்லாது. இரண்டு பக்கத்துப் பங்கையும் அது கொடுத்தே தீரும்.

ஹோட்டல் முதலாளி காரை நோக்கி நடந்தார். அவர் பின்னாலேயே ஓடிய அண்ணன், கார் கிளம்பிய பிறகுதான் என்னைப் பார்த்தான். வேலியருகே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"நீ பூட்டி வச்சிருந்த டப்பாவைத்தானேடி எடுத்தேன்!"

எடுத்தேன் என்று முதன்முதலாக அவன் வாயாலேயே வந்துவிட்டது. அண்ணி அவனையே பார்த்தாள்.

அந்த டப்பாவில் இருந்தது பிள்ளைகள் உதிர்த்த விதை. நல்ல விதையை நான் என்றைக்கும் பூட்டி வைத்ததில்லை. அது அடுப்பங்கரையில் பழைய டீத்தூள் டப்பாவில் கிடக்கிறது.

அந்தப் பூட்டை நான் வாங்கியதே, அண்ணன் என் அறையைத் துழாவுகிறான் என்று தெரிந்த பிறகுதான்.