சிவப்பு ஹெல்மெட்

“திமிர் பிடிச்ச பொம்பளை!”

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினார் அச்சக சூப்பர்வைசர்.

“இன்னிக்குமா?” என்றாள் மனைவி.

“இன்னிக்கும்தான். பாலத்துல பாதி ஏறி நாக்குத் தள்ளிக்கிட்டு இருக்கேன். பின்னாடி ‘கிணிங் கிணிங்’. திரும்பறதுக்குள்ள முந்திட்டா. அதோட விட்டாளா? கையை வேற ஆட்டிட்டுப் போறா!”

“பாவம், அவங்களும் வேலைக்குத்தானே போறாங்க? உங்களை அவமானப்படுத்தணும்னு வேண்டுதலா என்ன?”

“நீ யாரு பக்கம்?”

மனைவி தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள்.

சூப்பர்வைசர் ஆசைப்பட்டு சைக்கிளில் ஏறியவர் அல்ல. ரத்தத்தில் சர்க்கரை எகிறிக் கிடக்க, “உடம்பை அசைக்கறீங்களா, ஊசி போட்டுக்கறீங்களா?” என்று டாக்டர் கேட்டுவிட்டார். ஊசி என்றாலே மனிதருக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். நடக்கிறேன் என்று வாங்கிய ஷூ புதுக் கருக்கு அழியாமல் கிடக்கிறது. யோகா வகுப்புக்குப் போனவர், படுத்தபடி செய்யும் ஆசனத்தில் குறட்டை விட்டுத் திரும்பினார். கடைசியில்தான் அச்சகத்துக்கு சைக்கிளில் போவது என்று முடிவானது.

முதல் வாரமே அலுத்துவிட்டது. ஒரு நாள் பஞ்சர், ஒரு நாள் பேன்ட் செயினில் சிக்கியது, ஒரு நாள் பஸ் அடித்துவிட்டுப் போன சேற்றில் குளியல். “அடுத்த வாரத்திலிருந்து பஸ்தான்” என்று அறிவித்தார்.

அதற்கடுத்த நாள்தான் அந்த சிவப்பு ஹெல்மெட் முளைத்தது. முகத்தில் தூசி மாஸ்க், எப்படியும் இவரைவிட நாலைந்து வயது கூட இருக்கும். அந்தப் பெண்மணி அலட்டிக்கொள்ளாமல் இவரை முந்திக்கொண்டு மேம்பாலம் ஏறினாள்.

சூப்பர்வைசருக்கு வந்ததே ரோஷம்! பஸ்ஸை மறந்தார். செயினுக்கு எண்ணெய் போட்டார். டீயில் சர்க்கரையை நிறுத்தினார். மழையில்கூட ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அப்படியும் அவளைத் தொட முடியவில்லை.

போன முறை ரிசல்ட்டைப் பார்த்த டாக்டர், “நல்லா குறைஞ்சிருக்கே! விட்டுடாதீங்க. விட்டா அப்புறம் ஊசிதான்” என்றார். அது இவர் காதில் ஏறியதா என்பது சந்தேகம். இவர் கவலையெல்லாம் சிவப்பு ஹெல்மெட்தான்.

அந்த நாளும் வந்தது.

பாலத்தின் நடுவில் மணிச் சத்தமே கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தார். சிவப்பு ஹெல்மெட் வெகு பின்னால் தள்ளாடிக்கொண்டு வந்தது. உச்சிக்கு வந்து மறுபடி பார்த்தபோது, அவள் இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்தாள்!

சூப்பர்வைசர் சும்மா போயிருக்கலாம். போகவில்லை. நின்று, மணியை ஆசை தீர அடித்து, “என்னம்மா, மூச்சு வாங்குதா?” என்று கத்திவிட்டுத்தான் இறக்கத்தில் பறந்தார்.

அன்று அச்சகத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை. பைண்டிங் செய்கிறவர், மெஷின் ஓட்டுகிறவர், வாட்ச்மேன் எல்லோருக்கும் வெற்றி விவரம் சொல்லப்பட்டது. வாட்ச்மேனுக்கு இரண்டு தடவை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே சட்டைக் காலர் தூக்கியிருந்தது.

“ஜெயிச்சுட்டேன்!”

“யாரை?”

“யாரையா? சிவப்பு ஹெல்மெட்டை! இறங்கித் தள்ளிக்கிட்டு வந்தா, தெரியுமா?”

மனைவி சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. “தள்ளிக்கிட்டா? ஏன்?” என்றாள்.

“ஏன்னா என்ன அர்த்தம்? என் வேகம் அப்படி! சரி, சைக்கிளை யாருக்காவது குடுத்துடு. நாளையிலிருந்து பஸ்தான்.”

“என்னங்க இது? விட்டா ஊசின்னு டாக்டர் சொன்னாரே!”

“ஜெயிச்சாச்சு. உச்சத்துல இருக்கும்போதே ஓய்வு வாங்கிக்கணும். இனி யாருகிட்ட நிரூபிக்கணும் நான்?”

பாடிக்கொண்டே குளிக்கப் போனார். தலை நிறைய ஷாம்பு போட்ட நேரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் நின்றது. மோட்டார் போடச் சொல்லலாம் என்று கதவை லேசாகத் திறந்தார்.

சமையலறையில் மனைவி யாரிடமோ போனில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். அவள் வேலை பார்க்கும் துணிக்கடையில் உடன் பில் போடும் அக்காவாக இருக்க வேண்டும். துணி எடுக்கச் சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில் அந்தக் கடைப் பக்கமே இவர் போனதில்லை. அந்த அக்காவைப் பார்த்ததும் இல்லை.

“இன்னிக்குக் கடைக்கும் வரலை, பாலத்துலயும் ஏன் அக்கா விட்டுக்குடுத்தீங்க? நீங்க முந்தினாத்தான் மனுஷன் மறுநாள் வண்டியை எடுப்பாரு. நம்ம கடை இந்தப் பக்கம் இருக்கு. எனக்காக நீங்க தினம் அந்தப் பாலத்துல ஏறி, இறங்கி, திரும்பி வர்றதே பெரிசு. உங்களைப் போய்க் கேட்கறேன் பாருங்க. ஆனா இப்ப நிறுத்தறேங்கறாரே, என்ன பண்ணுவேன்?”

சூப்பர்வைசர் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றார். ஷாம்பு கண்ணில் இறங்கி எரிந்தது, துடைக்கத் தோன்றவில்லை.

மறுமுனையில் என்ன சொன்னார்களோ, மனைவி பதறினாள்.

“என்னக்கா சொல்றீங்க? நிக்க முடியாத காய்ச்சல்னு கடைக்கு லீவு போட்டுட்டு, பாலத்துக்கு மட்டும் வந்தீங்களா?”