உறைநர் மட்டும்

அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்ட் வாசலில், ‘உறைநர் மட்டும் பயன்படுத்தவும்’ என்று சங்கச் செயலாளர் பலகை மாட்டியிருந்தார்.

மூட்டுவலியோடு காய்கறிப் பையைச் சுமந்து வந்த சமையற்காரம்மாவைக் காவலாளி தடுத்தார்.

“உறைநர்னா யாருப்பா?”

“வீட்டுச் சொந்தக்காரங்களாத்தான் இருக்கும். நீங்க படியில போங்கக்கா.”

“ஆறு மாடிப்பா. முட்டி கழண்டு கையோட வந்துடும்.”

சங்கக் கூட்டத்துக்காக வந்த செயலாளர் எரிந்து விழுந்தார். “சொந்தக்காரங்க இல்லய்யா. இங்கேயே தங்கி வாழறவங்கதான் உறைநர். தெரியலன்னா கேட்டுத் தொலையக் கூடாதா?”

“ஒன்பது வருஷமா இங்க சமையலறையிலதான் சார் படுத்து எழுந்திருக்கிறேன்,” என்றாள் அவள்.

காவலாளி லிஃப்டைத் திறந்துவிட்டார். அவள் பின்னாலேயே செயலாளரும் நுழையப் போனார். காவலாளி கையைக் குறுக்கே நீட்டினார்.

“நீங்க வீட்டை வாடகைக்கு விட்டுட்டு அடுத்த தெருவுக்குப் போய் ரெண்டு வருஷமாச்சே சார். படி அந்தப் பக்கம்.”