வட்டத்துக்கு வெளியே

"அம்மா, நான் செஞ்ச ஆப்பை அப்பா போன்ல போட்டுட்டீங்களா? இனி அந்த போன் நம்ம வீட்டு வட்டாரத்தைத் தாண்டினதும் எனக்கு மெசேஜ் வந்திரும். உடனே உங்களைப் பார்க்க வந்திடுவேன்" என்றாள் கிறிஸ்டல்.

"அவருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான் லா!" என்று பயந்தாள் அன்னமேரி.

கிறிஸ்டலின் காதல் கல்யாணத்துக்குப் பிறகு, மகளின் முகத்திலேயே விழிப்பதில்லை என்றிருந்தார் இராயப்பன்.

ஞாயிறுதோறும் அவர் கோப்பிக்கடைக்குப் போனதும், கிறிஸ்டல் பாயான் பாரு ஊரிலிருந்த அம்மா வீட்டுக்கு வந்துபோனாள்.

இந்த ஞாயிறு, கிளம்பிப்போன இராயப்பன் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"போனை வச்சிட்டுப் போயிட்டேன்."

"கோப்பி குடிக்க போன் எதுக்குங்க?"

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டவர் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"இது வெளியே போனாத்தானே பிள்ளை உள்ளே வரும்? நான் மெதுவாவே வர்றேன். இருந்து சாப்பிட்டுப் போகச் சொல்லு."