மொட்டைமாடித் தண்ணீர்

"மொட்டைமாடியில ஏசி கூலிங் டவரைக் கழுவி எத்தனை மாசமாச்சு சார்? அந்தத் தண்ணியில வளர்ந்த கிருமிதான் சாரலாப் பறந்து நுரையீரலுக்குப் போச்சுன்னு டாக்டர் சொல்றார். ஆறு பேர் ஆஸ்பத்திரியில கிடக்காங்க."

ஏசி மெக்கானிக்கின் மனைவி, அந்தக் கட்டட மேனேஜரின் மேஜை முன் நின்று கோபமாகக் கேட்டாள்.

"அதுல உங்க வீட்டுக்காரரும் ஒருத்தர்னு நேத்துதாம்மா கேள்விப்பட்டேன். ஆனா கழுவுற வேலை யாருது? அவருதுதானே?"

"டவரைக் கழுவக் கிருமி கொல்ற மருந்து வாங்கித் தாங்கன்னு உங்ககிட்ட நடையா நடந்தாரே."

மேனேஜர் பதிவேட்டை அவள் பக்கம் தள்ளினார். "மாசாமாசம் கழுவியாச்சுன்னு அவரே கையெழுத்துப் போட்டிருக்கார். கடைசியா இந்த மாசம் பன்னெண்டாம் தேதி. இதை அதிகாரிங்க பார்த்தா பழி யார் தலையில விழும்? பேசாம வீட்டுக்குப் போங்க."

அவள் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

"படம் எதுக்கும்மா?"

"அதிகாரிங்ககிட்ட நானே காட்டறேன். பத்தாம் தேதியிலேர்ந்து அவருக்கு நினைவே இல்லை. வாயில குழாய் சொருகி, அதைப் பிடுங்கிடாம இருக்க ரெண்டு கையையும் கட்டிலோட கட்டி வச்சிருக்காங்க. உங்ககிட்ட வேலை பார்க்கிறவன் ரெண்டு வாரமா வரலைங்கறதுகூடத் தெரியாம, அவன் கையெழுத்தை நீங்களே போட்டிருக்கீங்களே சார்."